அரை உறை போதும்

கேமரா கீழே விழுந்த அன்று படக்காரம்மா அழவில்லை. அழாத குறையாக நின்றவர் அவளுடைய கணவர்தான். அவள் சமையலறைத் தரையில் கிடந்ததை எடுத்து, மேல்மூலை நசுங்கியிருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, அவரை நோக்கிப் பொத்தானை அழுத்தினாள். திரையில் படம் விழுந்தது. திறந்த வாயோடு கணவர் அதில் அச்சு அசலாக இருந்தார்.

"உயிரோடதான் இருக்கு," என்றாள்.

"எது, நானா?"

"ரெண்டும்தான்."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதுவும் கீழே விழாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட மேசை ஓரத்தில் வைக்க விடமாட்டார். யாராவது வைத்தால் பேச்சோடு பேச்சாக விரலால் உள்ளே தள்ளிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியோ பத்திரிகைக்குப் படம் எடுப்பவள். மதில் மேலே நின்றும், ஓடுகிற லாரியில் தொற்றியும், வெள்ளத்தில் இடுப்பளவு இறங்கியும் எடுத்த படங்கள் மறுநாள் முதல் பக்கத்தில் வரும்போது, அவள் எங்கே நின்று எடுத்திருப்பாள் என்று யோசித்து அவர் காபியை ஆறவிடுவார். இத்தனை வருஷமும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார், பாவம்.

அந்தக் கட்டு சென்ற வருஷம் அவிழ்ந்தது. ஒரு நாள் காலையில் தலை வாரிக்கொண்டிருந்தவளின் வலது கையிலிருந்து சீப்பு நழுவியது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்தாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும் பாதிதான் திரும்பியது. ஒரு காகிதம் பறக்காமல் அழுத்திப் பிடிக்கும். பையின் காதை மாட்டினால் தாங்கும். ஆனால் விரல்களை மடக்கச் சொன்னால் அவை யோசித்துச் சொல்வதாகப் பதில் சொல்லும்.

உலகத்தில் உள்ள அத்தனை கேமராவுக்கும் பொத்தான் வலது பக்கத்தில் இருக்கிறது. இதைச் செய்தவர்களுக்கு வலது கையைத் தவிர வேறு கை இருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகம். அலுவலகத்தின் பெரிய கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். கைக்கு அடக்கமாகச் சின்னதாக ஒன்று வாங்கினாள். இடது கையை நீட்டி, வளைத்து, முன்பக்கமாகச் சுற்றி எப்படியெல்லாமோ பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் எரிச்சல் தாங்காமல் அதைத் தலைகீழாகத் திருப்பினாள்.

திருப்பியதும் வலது பக்கம் இடது பக்கமாகிவிட்டது. பொத்தான் கீழே வந்து இடது கட்டைவிரலில் உட்கார்ந்தது. மற்ற நாலு விரலும் இப்போது மேலே வந்துவிட்ட அடிப்பக்கத்தை வளைத்துப் பிடித்தன. கேமராவின் அடிவிளிம்பு நெற்றியில் முட்டியது, கண் வியூஃபைண்டர் துளையைக் கண்டுபிடித்தது. எடுத்தாள். கணினியில் படம் தலைகீழாக வந்தது; ஒரு தட்டுத் தட்டினாள், நேராகிவிட்டது. கேமராவுக்கு எது வானம் எது பூமி என்ற கவலையெல்லாம் கிடையாது. மனுஷர்களுக்குத்தான் அந்தக் கவலை.

மறுநாளே அலுவலகம் போனாள். பத்திரிகை ஆசிரியர் நல்ல மனிதர். அவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கி வந்தவர். அவள் கேமராவைத் தூக்கிக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு உடனே வருத்தப்படவும் செய்தார். "படப்பிரிவுல உட்காருங்கம்மா. மத்தவங்க எடுத்துட்டு வர்ற படத்தைத் தேர்ந்தெடுத்துக் குடுங்க. உங்க கண்ணுக்கு ஈடு யாரு?" என்றார். கண்ணைப் புகழ்ந்தே கையை முடக்கிவிட்டார். அவளும் சில மாதங்கள் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே வெட்டுப்பட்ட படங்களையும் கொட்டாவி விடும் பேச்சாளர்களையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். உள்ளே பற்றி எரிந்தது.

பிறகு அந்தச் செய்தி வந்தது. வரும் திங்கட்கிழமை பழைய ஆற்றுப் பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கப்போகிறார்கள். வெள்ளத்தில் இடுப்பளவு நின்று அவள் எடுத்தாளே, அதே பாலம்தான். ஆசிரியரின் அறைக்குள் நேராகப் போய் நின்றாள்.

"பாலத்துக்கு என்னை அனுப்புங்க."

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இல்லை என்று சொல்வதற்கு முன்னால் அவர் அதைக் கழற்றுவது வழக்கம். "அத்தனை கூட்டத்துக்கு முன்னாடி நம்ம ஆள் கேமராவைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நின்னா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. யாரோ வழி தெரியாம வந்தவங்கன்னு கயித்துக்கு வெளியே தள்ளிடுவாங்க. பத்திரிகைன்னு யாரு நம்புவா?" பிறகு அவர் பார்வை நசுங்கிய மூலையில் விழுந்தது. "அதோட, கீழ வேற போட்டிருக்கீங்க."

"ஒரு தடவைதான்."

"முதல்ல அதைக் கையில நிக்க வைங்கம்மா. திங்கட்கிழமை காலைல பேசுவோம்."

அவர் கதவைச் சாத்தவில்லை; ஆனால் திறந்தும் வைக்கவில்லை. அந்த இடைவெளி போதும் என்று அவள் முடிவு செய்தாள். கேமரா நழுவியதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அவள் விரல் பிடிக்கிற இடமெல்லாம் வழவழவென்ற உலோகம். பிடிப்பு வேண்டும். அதற்குத் தோல் உறை வேண்டும்.

உறை என்ற சொல் காதில் விழுந்ததும் கணவர் லீவு போட்டுவிட்டார். "நானும் வர்றேன். நல்ல கெட்டியாப் பார்த்து, சுத்தி வர மூடுற மாதிரி வாங்கிடுவோம்," என்றார். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவள் செருப்பை மாட்டினாள்.

கேமராக் கடை ஒரு குறுகலான சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இருவர் நின்றால் மூன்றாமவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதில் லென்சுகள். உள்ளே ஒரு மரப்பலகை, அதன்மேல் சுத்தியலும் பித்தளை எழுத்துகளும். கடைக்காரர் ஓயாமல் பேசுகிறவர். இருமுவதற்குக்கூடப் பேச்சை நிறுத்தமாட்டார்.

"ஃபுல் கேஸ் பாருங்க சார்," என்று கடைக்காரர் கணவரிடம்தான் முதலில் காட்டினார். மேலும் கீழும் முன்னும் பின்னும் மூடுகிற முழு உறை. உள்ளே வெல்வெட். "இதுக்குள்ள போட்டு வச்சிட்டா பத்து வருஷமானாலும் புதுசு மாதிரி இருக்கும்."

"பாத்தியா?" என்றார் கணவர்.

"புதுசு மாதிரி இருக்கும். படம் எடுக்காம இருந்தா எல்லாக் கேமராவும் புதுசு மாதிரிதான் இருக்கும்," என்றாள். இருந்தாலும் நியாயமாக நடந்துகொள்ள நினைத்து, கேமராவை அதில் போட்டு, மேல்மூடியைத் திறந்துவிட்டு, தன் வழக்கப்படி தூக்கிப் பிடித்தாள். தொங்கிய மூடி அப்படியே திரும்பி விழுந்து பொத்தானை மறைத்தது.

கடைக்காரர் இரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார். "மேடம், கேமரா தலைகீழா இருக்கு."

இந்த வாக்கியத்தைப் பூங்காவில் நடைபயிற்சிக்காரர் சொல்லியிருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத பெண் ஓடி வந்து சொல்லியிருக்கிறாள். அவர்கள் எல்லோருடைய முகத்திலும் ஓர் உபகாரம் செய்துவிட்ட நிறைவு இருக்கும். "தெரியும்," என்றாள் படக்காரம்மா. "எனக்கு ஹாஃப் கேஸ் காட்டுங்க."

அரை உறை என்பது கேமராவின் அடிப்பாகத்தையும் பிடிக்கிற பக்கத்தையும் மட்டும் கவ்வும். மேல்பாதி, பொத்தான், லென்ஸ் எல்லாம் வெளியே இருக்கும். அவள் விரல்கள் போய் உட்கார்கிற இடம் எதுவோ அது முழுக்கத் தோல். மற்றது எல்லாம் திறந்த வெளி. யாரும் அவளை நினைத்துச் செய்ததில்லை. ஆனாலும் அவளுக்காகவே செய்ததுபோல் இருந்தது.

"பாதி மூடி என்ன பிரயோஜனம்?" என்றார் கணவர். "விழுந்தா அந்த மூலையேதான மறுபடி அடிபடும்?"

"விழாம இருக்கத்தான் இது. விழுந்த பிறகு காப்பாத்த இல்ல."

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்று காட்டிக்கொள்ளாமல் லென்சுகளைப் பார்த்தார்.

முதலில் வந்த அரை உறை அழகோ அழகு. பேட்டரியை மாற்ற வசதியாக அடியில் சின்னக் கதவு, அதற்கு அமுக்குப் பொத்தான். "இதுதான் இப்ப ஓடுது," என்றார் கடைக்காரர். அவள் தூக்கிப் பிடித்தாள். அந்தக் கதவு சரியாக அவள் விரலுக்கடியில் வந்தது. இரண்டு தரம் அழுத்திப் பிடித்ததும் டப்பென்று திறந்துகொண்டது. இரண்டாவது உறையில் கதவு இல்லை, ஆனால் அதைக் கேமராவோடு பூட்டுகிற திருகின் தலை புடைத்துக்கொண்டு நின்றது. சிறிது நேரத்திலேயே ஆள்காட்டி விரலில் பள்ளம் விழுந்தது.

"எந்தக் கஸ்டமரும் அங்க விரலை வைக்கமாட்டாங்க மேடம்."

"நான் கஸ்டமர்தானே? வச்சிருக்கேனே?"

மூன்றாவது பெட்டியின் அடியிலிருந்து வந்தது. கறுப்பு. தடித்த தோல், முன்பக்கம் விரலுக்கு ஒரு புடைப்பு, திருகு தோலோடு தோலாக அமுங்கியிருந்தது. கதவு, ஜன்னல் எதுவும் இல்லை. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. உலுக்கிப் பார்த்தாள், நகரவில்லை. நெற்றியில் வைத்துப் பார்த்தாள்; உலோகம் இடித்துச் சிவந்துபோயிருந்த இடத்தில் தோல் மெத்தென்று உட்கார்ந்தது.

"அதை யாரும் எடுக்கறதில்ல," என்று கடைக்காரர் தன் சரக்கைத் தானே குறை சொன்னார். "பேட்டரி மாத்தணும்னா உறையை முழுசாக் கழட்டணும். காசு வச்சுத் திருகணும்."

"ஒரு கையால எப்படிக் கழட்டுவே?" என்றார் கணவர். இப்போது அவர் கேலியாகக் கேட்கவில்லை. பயந்துதான் கேட்டார்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கேமராவை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கினாள். வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். அந்தக் கை அழுத்திப் பிடிக்குமே, அந்த வேலையை அது செய்தது. இடது கையில் காசை எடுத்துத் திருகினாள். காசு வழுக்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கியது. கணவரின் கை தானாக முன்னே வந்தது; அவள் பார்த்த பார்வையில் பின்னே போனது. கடைக்காரர் பேச்சை நிறுத்தியிருந்தார், அந்தக் கடையில் அது நடந்திராத காரியம். நெற்றி வியர்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கடைசியில் திருகைக் கழற்றினாள். உறை மடியில் விழுந்தது. பேட்டரியை வெளியே எடுத்தாள், திரும்பப் போட்டாள், உறையை மாட்டித் திருகினாள்.

"அவசரத்துல என்ன பண்ணுவே?"

"அவசரம் வர்றதுக்கு முன்னாடியே மாத்திக்குவேன். எல்லாத்துக்கும் முன்னாடியே பயப்படுறீங்களே, அதைக் கொஞ்சம் நானும் கத்துக்கிட்டேன்."

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "மணிக்கட்டுல மாட்ட ஒரு தோல்வாராவது போடு," என்றார். போடச் சொன்னாள். கேமராவுக்காகத்தான், உங்களுக்காக இல்லை என்றும் சொல்லிவைத்தாள். கொஞ்சம் அவருக்காகவும்தான்.

கடையில் உறை வாங்குகிறவர்களுக்குப் பேர் பொறித்துக் கொடுப்பது உண்டு. கடைக்காரர் பித்தளை எழுத்துகளை முன்னால் வைத்து, "என்ன பேர் போடட்டும்?" என்றார்.

பேர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு ஆசிரியரின் குரல் கேட்டது. பத்திரிகைன்னு யாரு நம்புவா? அவள் அந்தப் பித்தளை எழுத்துகளைப் பார்த்தாள். கறுப்புத் தோலின் முன்பக்கத்தில், லென்சுக்குக் கீழே ஓடிய பட்டையைப் பார்த்தாள். கேமராவைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பட்டை லென்சுக்கு மேலே, எதிரில் நிற்பவர் கண்ணுக்கு நேரே வரும்.

"பத்திரிகைன்னு போடுங்க. முன்பக்கம், பெரிய எழுத்தா. ஆனா தலைகீழாப் போடணும். எழுத்தோட தலை உறையோட அடிப்பக்கம் பார்த்து இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது," என்று கடைக்காரர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு பலகைக்குப் போனார். சுத்தியல் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவரின் முகத்தில் அந்த நிறைவு இருந்தது. பூங்காவிலும் பஸ் நிறுத்தத்திலும் அவள் பார்த்த அதே நிறைவு.

உறையை வாங்கிப் பார்த்தாள். எழுத்து நேராக இருந்தது.

"நீங்க தெரியாமச் சொல்றீங்கன்னு நினைச்சேன் மேடம். அப்புறம் நாலு பேர் பார்த்துச் சிரிப்பாங்களே. அதான் நானே சரியாப் போட்டுட்டேன்."

ஒரு வருஷமாக உள்ளே கிடந்தது அத்தனையும் அந்த நிமிஷம் வெளியே வந்தது. "யாரைக் கேட்டுச் சரி பண்ணீங்க?" அவள் குரல் சந்துவரை போயிருக்கும். "எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? கை வரலேன்னா மூளையும் வராதா? என்னைப் பார்க்கிறவங்க எல்லாம் சரி பண்றீங்க. உட்காருன்றீங்க, மூடி வைன்றீங்க, நேராப் பிடின்றீங்க. என்ன வேணும்னு நான் வாயைத் திறந்து சொன்னேனே, அதை ஒருத்தர், ஒரே ஒருத்தர், சொன்னபடி செஞ்சா என்ன குறைஞ்சு போயிடும்?"

கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்க அவள் விரும்பவில்லை. துடைத்தால் தோற்ற மாதிரி ஆகும் என்று அப்படியே நின்றாள்.

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. உதவிக்குக் கணவரைப் பார்த்தார். ஆண்பிள்ளைகள் இருவரும் ஒரு கட்சி என்று நினைத்திருப்பார்.

"நானும் உங்களை மாதிரியேதான் இவங்களைச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன்," என்றார் கணவர் மெதுவாக. "வேலைக்காகல. அவங்க சொன்னபடி போட்டுக் குடுங்க."

"இந்த மாடல்ல கறுப்பு இது ஒண்ணுதான் சார் இருந்துது. இன்னொண்ணு இருக்கு, ஆனா..." கடைக்காரர் தயங்கித் தயங்கி ஒரு பெட்டியைத் திறந்தார். சிவப்பு. அடக்கமான சிவப்பும் இல்லை. தெருமுனையிலிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கிற சிவப்பு. "இந்தக் கலரை எல்லாரும் பார்ப்பாங்க மேடம்."

"பார்க்கட்டும்," என்றாள்.

இந்தத் தடவை அவள் பலகை அருகிலேயே நின்றாள். கடைக்காரர் உறையைக் கவிழ்த்து வைத்தார், அவள் முகத்தைப் பார்த்தார், அவள் தலையசைத்த பிறகே சுத்தியலைத் தூக்கினார். ஒவ்வோர் எழுத்துக்கும் அப்படியே பார்த்தார். பாவம், முடிந்தபோது அவருக்கும் வியர்த்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் தொலைபேசியில் யாரையோ கடிந்துகொண்டிருந்தார். படக்காரம்மா வாசலில் நின்றாள். வணக்கம் சொல்லவில்லை. கேமராவைத் தூக்கினாள். சிவப்புத் தோல் நெற்றியில் பதிந்தது, நாலு விரலும் கவ்விப் பிடித்தன, கட்டைவிரல் அழுத்தியது. ஆசிரியர் நிமிர்ந்தார். தொலைபேசியைக் கீழே வைத்தார். அவருடைய வலது கை மூக்குக்கண்ணாடியை நோக்கிப் போனது.

"கழட்டாதீங்க சார். கண்ணாடி இருக்கட்டும். என்ன எழுதியிருக்கு, படிங்க."

"பத்திரிகை," என்றார்.

"நேரா இருக்கா?"

அவர் மேசைமேல் சாய்ந்து மறுபடி படித்தார். "நேராத்தான் இருக்கு."

"கயித்துக்கிட்ட நிக்கிறவங்களுக்கும் இப்படியேதான் தெரியும்."

பிடித்த பிடியை விடாமல் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். தலைகீழாகப் பிடித்து எடுத்த படம், தலைகீழாகவே பிடித்த கேமராவில் நேராக நின்றது. கோபமும் திகைப்புமாகப் பாதி திறந்த வாயோடு, நகத்தில் ஒட்டியிருந்த பேனா மைகூடத் தெளிவாகத் தெரிய, ஆசிரியர் அதில் இருந்தார்.

"மறுபடி விழுந்துச்சுன்னா?"

"ஏற்கெனவே விழுந்திருக்கு சார். நானும் விழுந்தேன். ரெண்டு பேரும் எழுந்துதான் வந்திருக்கோம்."

ஆசிரியர் அந்த நசுங்கிய மூலையைப் பார்த்தார். "ஒரே ஒரு படம் தலைகீழா அச்சாகட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு," என்று உறுமிவிட்டு, "கீழ கார் நிக்குது. சீக்கிரம் போங்க," என்றார்.

ஆற்றங்கரையில் கூட்டம் நெரிந்தது. பாலத்துக்குப் போகும் வழியை மறித்துக் கயிறு கட்டி, அதன் முன்னால் ஒரு காவலர் நின்றுகொண்டிருந்தார். பத்திரிகைக்காரர்களை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். படக்காரம்மா முண்டியடித்து முன்னே வந்தாள். வலது தோளால் முண்டினாள், அந்தத் தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கயிற்றை அடைந்ததும் பாலத்தைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினாள்.

காவலரின் விரல் உயர்ந்தது. முகத்தில் அந்த உபகாரச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, கேமரா..." என்று ஆரம்பித்தார்.

ஆரம்பித்தவரின் உதடுகள் ஓசையில்லாமல் சிவப்புத் தோலின்மேல் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தன. நீட்டிய விரலை மடக்கி, அதே கையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

"முன்னாடி போங்கம்மா," என்றார்.

அவள் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.